பழைய லேப்டாப்பில் ஒரு சர்வர்: விதைநெல் கணக்கை லினக்ஸுக்கு மாற்றிய கதை

மன்னார்குடிப் பக்கம் எங்கள் சித்தப்பா பாரம்பரிய விதைநெல் கொடுத்து வாங்குகிறார். மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கருப்புக் கவுனி. வாங்கிப் போகிறவர்கள் அறுவடை முடிந்ததும் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். யார் எவ்வளவு வாங்கினார், யாரிடம் பாக்கி என்று பார்க்க ஒரு கல்லூரி மாணவர் சில வருடங்களுக்கு முன் பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தார். அது ஓடிய விண்டோஸ் கம்ப்யூட்டர் உயிரை விட்டதும், பென்டிரைவில் மிஞ்சியிருந்த கோப்புகளும் டேட்டாபேஸ் பேக்கப்பும் என் கைக்கு வந்தன. வீட்டில் சும்மா கிடந்த லேப்டாப்பில் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் போட்டு, அதையே சர்வராக்கிவிட்டேன்.

லேப்டாப் என்றால் யூபிஎஸ் தனியாக வாங்க வேண்டாம். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பேட்டரி பாதி செத்திருந்தாலும் அரை மணி நேரம் தாங்கும், ஒழுங்காக ஷட்டவுன் செய்ய அது போதும். ஒன்று மட்டும் செய்தாக வேண்டும்: லேப்டாப்பை மூடினால் தூங்கப் போய்விடும். லாகின்டி கான்ஃப் என்ற கோப்பில் ஹேண்டில் லிட் ஸ்விட்ச் என்ற வரியை இக்னோர் என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்தால், மூடி வைத்தாலும் ஓடிக்கொண்டிருக்கும்.

பக்கங்களைப் பிரவுசருக்குத் தரும் அப்பாச்சி, டேட்டாபேஸை வைத்திருக்கும் மரியாடிபி, நிரலை ஓட்டும் பிஎச்பி, அவற்றை இணைக்கும் இரண்டு சின்னப் பொதிகள். எல்லாம் மென்பொருளை நிறுவும் ஒரே ஆப்ட் கட்டளையில் வந்துவிடுகின்றன. பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தால் அப்பாச்சியின் வரவேற்புப் பக்கம் தெரியும். யூடியூபில் பாதி வீடியோக்கள் இந்த இடத்தில் நன்றி வணக்கம் போட்டுவிடுகின்றன. வேலையே இதற்கப்புறம்தான்.

பழைய கோப்புகளைக் கொண்டுபோய் வைத்ததும் வெறும் வெள்ளைப் பக்கம். இப்படி வந்தால் அப்பாச்சியின் எரர் லாகைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டேட்டாபேஸோடு இணைக்கும் மைஎஸ்க்யூஎல் கனெக்ட் என்ற ஃபங்ஷனே இல்லை என்று அதில் எழுதியிருந்தது. அந்தப் பழைய வரிசை ஃபங்ஷன்களை பிஎச்பி 7-லேயே எடுத்துவிட்டார்கள், உபுண்டு 24.04-இல் இருப்பதோ 8.3. எல்லாவற்றையும் அதன் புது வரிசையான மைஎஸ்க்யூஎல்ஐ-க்கு மாற்றினேன். பெயரில் ஒரு ஐ சேர்த்தால் மட்டும் போதாது, கனெக்ஷனை முதலில் கொடுக்க வேண்டும். விண்டோஸ் கண்டுகொள்ளாத பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் லினக்ஸில் வேறு கோப்பாகிவிடும் என்பதால் அங்கங்கே இணைப்புகள் அறுந்தன. அடுத்தது, அனுமதி இல்லை என்ற செய்தி. உபுண்டுவில் மரியாடிபியின் ரூட், அதாவது எல்லா உரிமையும் உள்ள பயனராக நுழைய, கணினியின் ரூட்டாக வந்தால்தான் உள்ளே விடும். இந்த டேட்டாபேஸுக்கு மட்டும் உரிமை உள்ள தனிப் பயனர் ஒருவரை உருவாக்குவதுதான் சரி. ரூட்டை மாற்றச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

உண்மையான ரோதனை தமிழில் இருந்தது. பக்கம் திறந்தது, கணக்கு வந்தது. பெயர் இருக்க வேண்டிய கட்டங்களில் எல்லாம் தலையில் கோடு போட்ட ஐரோப்பிய ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், மறுபடி அதே ஏ. இதைப் பார்த்ததும் டேட்டா போச்சு என்று அழித்துவிடக் கூடாது. எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் யுடிஎஃப் 8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். பழைய டேபிள் ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 என்று அமைக்கப்பட்டிருந்ததால் அந்த 3 பைட்டையும் மூன்று எழுத்தாக நினைத்து வைத்திருந்தது. பைட்டுகள் பத்திரமாகத்தான் இருந்தன. பேக்கப்பை அப்படியே ஏற்றி, டேட்டாபேஸைக் கோப்பாக எடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப்பில் எழுத்துக் குறியாக்கத்தை லத்தீன்1 என்று சொல்லி, அந்தக் குறியாக்கத்தைக் குறிக்கும் செட் நேம்ஸ் வரி வராமல் வெளியே எடுத்தேன். அந்தக் கோப்பில் டேபிள் அமைப்பில் உள்ள லத்தீன்1-ஐ எல்லாம் யுடிஎஃப்8எம்பி4 (மரியாடிபியில் முழு யுடிஎஃப் 8-இன் பெயர்) என்று மாற்றி, புது டேட்டாபேஸில் ஏற்றியதும் தூயமல்லி தூயமல்லியாகவே வந்தது.

ஆனால் நீளமான சில பெயர்கள் வால் அறுந்து நின்றன. பெயருக்கு ஒதுக்கியிருந்தது 40 இடம், லத்தீன்1-இல் அது 40 பைட். கிருஷ்ணமூர்த்தி என்று எழுத, கி-யை இரண்டாகவும் புள்ளியைத் தனியாகவும் எண்ணினால் 15 குறியீடு, 45 பைட். 40-க்கு மேல் இருந்ததைப் பழைய டேட்டாபேஸ் சொல்லாமல் கொள்ளாமல் வெட்டியிருக்கிறது. வெட்டுப்பட்டதை மீட்க எந்தக் கட்டளையும் கிடையாது. சித்தப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாக வாசித்தேன்.

"இது யாரு சித்தப்பா, ஊர் பேரும் பாதிதான் இருக்கு?"

"எத்தனை மா போட்டிருக்கு?"

"ஆறு."

"அப்ப வடுவூர்க்காரர். கோட்டூர்க்காரருக்கு அவ்வளவு நிலம் ஏது?"

இடையில் ஒன்று: நிலக் கட்டத்தின் தலைப்பில் ஏக்கர் என்றுதான் இருந்தது, உள்ளே எல்லாரும் மா கணக்கைப் போட்டிருந்தார்கள். ஒரு மா என்பது ஏறக்குறைய 33 சென்ட். தலைப்பை மாற்றிவிட்டேன், எண்களைத் தொடவில்லை.

நேர மண்டலத்தையும் மறக்காமல் பாருங்கள். பிஎச்பியில் ஒன்றும் சொல்லாவிட்டால் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தை எடுத்துக்கொள்ளும். நம் நேரத்துக்கு 5.30 மணி பின்னால். வயலுக்குப் போகிற வழியில் விடியற்காலை 5 மணிக்கு விதை வாங்குகிறவர் கணக்கு முந்தைய நாள் தேதியில் விழும். பிஎச்பி அமைப்புக் கோப்பில் ஏசியா கொல்கத்தா என்று கொடுத்து, அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்தால் தீர்ந்தது.

ரவுட்டரில் இந்த லேப்டாப்புக்கு நிலையான ஐபி ஒதுக்கி, ஃபயர்வாலில் 80-ஆம் போர்ட்டைத் திறந்த பிறகு, குடோனில் இருக்கும் பையனும் வைஃபையில் தன் போனிலேயே பதிவு போடுகிறான். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் ஓடும். வெளியூரிலிருந்தும் பார்க்க முடியுமா என்று சித்தப்பா கேட்டார். எங்கள் இணைப்பில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது ஐபி என்பதால் வெளியிலிருந்து நேராக உள்ளே வர வழியில்லை. வழி இருந்தாலும், படிவத்தில் அடிப்பதைச் சோதிக்காமல் அப்படியே டேட்டாபேஸுக்கான எஸ்க்யூஎல் கட்டளையில் ஒட்டும் இந்தப் பழைய நிரலை வெளியே திறந்துவிட எனக்கு மனம் வராது. அதை முழுதாகத் திருத்தி எழுதிய பிறகு பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இப்போதைக்கு இரவு 8 மணிக்கு, குறித்த நேரத்தில் வேலையைத் தானாகச் செய்யும் க்ரான் ஒரு டம்ப் (டேட்டாபேஸ் நகல்) எடுத்துப் பென்டிரைவில் போடுகிறது.