நமணசமுத்திரத்துக் குதிரைகள்

குண்டூசி இப்போது குண்டூசியாக இல்லை. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கூட்டத்துக்குள் அவளை நான் கண்டுபிடித்ததே அந்தத் தத்தக்கா பித்தக்கா நடையை வைத்துத்தான். திருச்சி ஹாஸ்டலில் மூன்று பேர் ஒரே அறை: நான், குண்டூசி, அப்புறம் மணியம். லைட்டை எத்தனை மணிக்கு அணைப்பது என்பதை மணியம்தான் முடிவு செய்வாள், அதனால் அந்தப் பெயர். 23 வருஷமாக ஏதாவது கல்யாணத்தில் பார்த்துக்கொள்வதோடு சரி. மேளச் சத்தத்தில் என்ன பேச முடியும்?

சனிக்கிழமை மதியம் வரை பேச்சுதான். குண்டூசியின் மாமியார் முட்டை மாஸ் செய்து வைத்துவிட்டு, "பேசினது போதும், சாப்பிட்டுட்டுப் பேசுங்கத்தா" என்று இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. நாலரை மணிக்கு வெயில் இறங்கியதும் இரண்டு ஸ்கூட்டியில் கிளம்பினோம். காரைக்குடி ரோட்டில், திருமயத்துக்கு முன்னாலேயே நமணசமுத்திரம். அங்கே ஓர் அய்யனார் கோயில். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் மரக்கூட்டம்போலத்தான் இருக்கிறது.

உள்ளே போனால் பாதையின் இரண்டு பக்கமும் மண்குதிரைகள். வரிசை வரிசையாக, ஒன்றின் தோளை ஒன்று உரசிக்கொண்டு. எண்ண ஆரம்பித்து அறுபதில் விட்டுவிட்டேன். சில என் இடுப்பு உயரம், சில என்னைவிட உயரம். எல்லாவற்றுக்கும் கழுத்தில் மணிச்சரம், முதுகில் சேணம், பல் தெரிகிற வாய். முன்னால் புதிதாக நிற்பவை செங்கல் நிறம். பின்னால் போகப் போகப் பாசி பிடித்துக் கறுத்து, காது போய், மூக்கு போய், கடைசியில் நாலு கால் மட்டும் நட்டுவைத்த குழாய்போல நிற்கின்றன.

பூசாரி வேளார், மண்ணில் குதிரை வனைகிற குயவர். கேட்டதும் உட்கார்ந்து சொன்னார். புரவியெடுப்பு, அதாவது அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கிற விழா, என்று முடிவானால் ஊர்க்காரர்கள் முதலில் ஒரு கைப்பிடி மண் கொண்டுவந்து வேளாரிடம் கொடுக்க வேண்டும். பிடிமண் என்பார்கள். அதைச் சேர்த்துத்தான் களிமண் பிசைவது. கூடவே மணலும் உமியும். கால்கள் முதலில், உள்ளே வெற்றிடமாக. அது இறுகியபின் வயிறு, அப்புறம் கழுத்து, தலை. கனமாகச் செய்தால் சூளையில் வெடித்துவிடுமாம். விழாவன்று கண் திறந்து, ஊரே தோளில் தூக்கிக்கொண்டு வந்து இங்கே இறக்கும். ராத்திரி காவலுக்குப் போகும் அய்யனாருக்கு அதுதான் வாகனம்.

"உடைஞ்சா ஒட்ட மாட்டீங்களா?" என்று குண்டூசி கேட்டாள். கணக்கு டீச்சர், அவளுக்குச் சேதாரம் பொறுக்காது.

"கொடுத்தது கொடுத்ததுதான் தாயி. அடுத்து எடுக்கிறப்ப புதுசு வரும்."

கழுத்து முறிந்த ஒரு குதிரைக்குள் எட்டிப் பார்த்தேன். வெளியே மழை அடித்து அடித்து மணிச்சரமெல்லாம் மழுங்கிப் போயிருந்தது. உள்ளே அப்படியில்லை. களிமண்ணைக் கீழிருந்து மேலாக இழுத்துவிட்ட விரல் தடங்கள் சாய்வாக, நாலு நாலாக, நேற்றுச் செய்ததுபோல இருந்தன. நடுவில் எரிந்துபோன உமியின் குட்டிக் குட்டிப் பள்ளங்கள். மணியம் கையை உள்ளே விட்டு அந்தத் தடத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். "பெரிய கைடி" என்றாள். அடுத்த நொடி "ஐயோ" என்று கையை இழுத்துக்கொண்டாள். உள்ளே குளவிக்கூடு. நல்லவேளை, கொட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மணியத்தின் ஊர்ப்பக்கம், கீரமங்கலம். 2018 நவம்பரில் கஜா புயல் அவள் வீட்டுத் தென்னந்தோப்பை ஒரே ராத்திரியில் படுக்க வைத்துவிட்டது. அப்போது போனில் அழுதவள் இப்போது சாதாரணமாகச் சொன்னாள்: "விடிஞ்சு கதவைத் திறந்தா மெயின் ரோடு தெரியுதுடி. வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து எங்க வாசல்லேருந்து ரோடு தெரிஞ்சதே இல்லை." மறுபடி வைத்த கன்றுகள் இப்போது காய்க்கின்றன. ரோடு மறைந்துவிட்டது.

அங்கிருந்து பக்கத்தில் குளமங்கலம். பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் முன்னால் 33 அடி உயரத்துக்கு ஒரு வெள்ளைக் குதிரை, தாவப் போகிற மாதிரி. மாசி மகத்தன்று அதற்குக் காகிதப்பூ மாலை சாத்துவார்கள். மாலையே குதிரை உயரம், வேனிலும் லாரியிலும் வந்து இறங்குமாம். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். பிரம்மாண்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்கென்னவோ நேற்றுப் பார்த்த மூக்கில்லாத குதிரைகள்தான் மனசில் நின்றன. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதைச் சொல்லியும்விட்டேன்.

மணியத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "எங்க குதிரையைக் குறை சொல்லாத. கன்னு பொழைச்சா மாலை போடறேன்னு வேண்டிக்கிட்டு, போட்டேன்ல. இதுக்கு முன்னாடிதான் நின்னு அழுதேன்."

நான் பேசாமல் இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தேன். கழுத்து மடிப்பில் ஒரு துண்டுக் காகிதப்பூ, சாயம் போய், மாட்டிக்கொண்டு ஆடியது. "அது உன்னுதா?" என்று கேட்டாள் குண்டூசி.

"என்னுது ரோஸ் கலர்" என்றாள் மணியம், அப்போதும் முறைத்தபடி. சாயங்காலம் பஸ் ஏற்றிவிடும்போது கோபமெல்லாம் போய்விட்டது. ஒரு முழுப் பலாப்பழத்தைத் தூக்கி என் மடியில் வைத்தாள். கோயம்புத்தூர் வரை அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தேன்.