ஃபிர்டல் ட்ரை என்றால் எத்தனை மணி?

ஜெர்மன் கற்பவர்கள் வட்டாரச் சொல் என்றதும் தெரியாத சொல்லுக்குத்தான் பயப்படுகிறார்கள். அதனால் பெரிய கேடு வராது. காலையில் வாங்கும் சின்ன பன்னுக்கு வடக்கிலும் மேற்கிலும் ப்ரோட்சன், பெர்லினில் ஷ்ரிப்பெ, பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் ஸெம்மல், தென்மேற்கு ஜெர்மனியின் ஸ்வாபியாவில் வெக்லெ. பேர் தெரியாவிட்டால் விரலை நீட்டிக் காட்டி வாங்கிவிடலாம். ஒரே சொல் இரண்டு ஊரில் வேறு வேறு பொருளில் புழங்கும்போதுதான் சிக்கல். இருவருமே புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பிரிந்துவிடுவார்கள்.

முதலில் நேரம். லைப்ஸிக்கிலும் ஷ்டுட்கார்ட்டிலும் ‘ஃபிர்டல் ட்ரை’, அதாவது ‘கால் மூன்று’ என்றால் 2.15. மூன்றாவது மணியில் கால் பங்கு ஓடிவிட்டது என்று கணக்கு. ‘ட்ரைஃபிர்டல் ட்ரை’, ‘முக்கால் மூன்று’, 2.45. நாம் இரண்டேகால் என்று முடிந்த மணியோடு கூட்டுகிறோம். அவர்கள் நடக்கிற மணியைப் பங்கு போடுகிறார்கள். வடக்கே ஹாம்புர்க்கில் வளர்ந்தவர் காதில் இது 3.15 என்றோ 2.45 என்றோ விழும். இதென்ன முறையில்லாத பேச்சு என்று சலித்துக்கொள்பவர்களும் உண்டு. ஆனால் 2.30ஐ அவர்களும் ‘ஹால்ப் ட்ரை’, ‘அரை மூன்று’ என்றுதான் சொல்கிறார்கள்! கணக்கு அதேதான், அரை காதுக்குப் பழகிவிட்டது, கால் பழகவில்லை. மருத்துவரிடம் நேரம் வாங்கினால் 14.15 என்று 24 மணிக் கணக்கில் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.

மருத்துவர் என்றதும் இன்னொன்று: ‘ஃபூஸ்’ பொதுவாகப் பாதம். ஸ்வாபியப் பேச்சில் முழுக்காலும் ஃபூஸ்தான். அங்கே செவிலியர் வேலைக்குப் போகிறவர்கள் நோயாளி ஃபூஸ் வலிக்கிறது என்றால் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். ‘ப்ஃபான்கூகன்’ பெர்லினில் ஜாம் அடைத்துப் பொரித்த உருண்டை. ஜெர்மனியின் பெரும்பகுதியில் முட்டை கலந்த மாவில் தோசை போலத் தட்டையாக வார்ப்பது. அதைப் பெர்லின்காரர் ‘ஐயர்கூகன்’ என்பார். ‘ஸெஸ்ஸல்’ ஜெர்மனியில் சாய்வான மெத்தை நாற்காலி, வியன்னாவில் சாதாரண நாற்காலி.

தன் சொல்லே முறையான ஜெர்மன், அடுத்தவருடையது கொச்சை என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. ஆஸ்திரியர் தயிர்ப்பாலாடையை ‘டோப்ஃபன்’ என்றால் வடக்கே அதை அழகான கிராமத்துப் பேச்சாகக் கேட்கிறார்கள். இது அநியாயம். அது ஆஸ்திரியாவின் எழுத்து வழக்கு. 1995இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும்போது அந்நாடு ஒப்பந்தத்திலேயே சேர்த்துக்கொண்ட 23 உணவுச் சொற்களில் ஒன்று.

ஊர் மாறிப் போகுமுன் ‘அட்லாஸ் ட்ஸூர் டாய்ச்சன் ஆல்டாக்ஸ்ஷ்ப்ராக’ என்ற இணைய வரைபடத் தொகுப்பைப் பாருங்கள். பேசுபவர்களிடமே கேட்டு, எந்த ஊரில் எந்தச் சொல் என்று புள்ளி வைத்துக் காட்டுகிறது. முதலில் மணி சொல்லும் படத்தைத் திறங்கள்.