நான்காம் கம்பி, நான்காவது ஃப்ரெட்

ஜூன் 3
கட்டைப் பிரித்தாயிற்று. கிட்டாரில் நான்காவது ஃப்ரெட்டை, அதாவது கழுத்தின் நான்காம் கட்டத்தை, அழுத்த வேண்டிய சுண்டுவிரல் வெளுத்துப்போய், வேறு யாருடையதோ போல இருக்கிறது.

ஜூன் 4
இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோரில் புதுப் பக்கம் திறந்தேன். எந்த ஸ்கேல் என்று காட்டும் கீ சிக்னேச்சர் கேட்டது. இத்தனை வருடமும் யோசிக்காமல் ஜி மேஜரைத் தட்டியவன், இன்று சி. ஸ்வரத்தை அரைப்படி உயர்த்தும் ஷார்ப் இல்லை, இறக்கும் ஃபிளாட் இல்லை. முதல் மூன்று ஃப்ரெட்டுக்கு மூன்று விரல் போதும்.

ஜூன் 5
சி. வேகம் 60. வீக்கம் இல்லை.

ஜூன் 8
தூக்கம் வரவில்லை. முதல் பொசிஷனில் (முதல் நான்கு ஃப்ரெட்டுக்கு நான்கு விரல்) எந்தக் கீக்கு அந்தச் சுண்டுவிரல் எங்கே வேண்டும் என்று எண்ணிக்கொண்டே கிடந்தேன். சியில் எங்கும் வேண்டாம். எஃப் மேஜரிலும் வேண்டாம். அதன் பி ஃபிளாட் ஐந்தாம் கம்பியில் முதல் ஃப்ரெட், மூன்றாம் கம்பியில் மூன்றாவது. ஜியில் ஒரே இடம்: நான்காம் கம்பி, நான்காவது ஃப்ரெட், எஃப் ஷார்ப். டியில் ஐந்தாம் கம்பியின் சி ஷார்ப்பும் சேர்ந்து இரண்டு. சியும் எஃபும் வாசித்தே காலத்தை ஓட்டிவிடலாம். 23ஆம் தேதி வாசிக்கும்போது என்ன செய்வது?

ஜூன் 9
சியில் எழுதி வைத்ததன் மேல் ஒரு ஷார்ப் சிக்னேச்சரைப் போட்டேன். எஃப் எல்லாம் தானாக உயரும் என்று நினைத்தால், ஒவ்வொரு எஃபுக்கு முன்னாலும் ஷார்ப்பை ரத்து செய்யும் நேச்சுரல் குறி ஒன்று வந்து நிற்கிறது. ஒலி பழையபடியே. சரி என்று மேல் அம்பை அழுத்தி ஒவ்வொன்றாக உயர்த்தினேன், குறிகள் மறைந்தன. சியிலிருந்து ஓடவிட்டால் கல்யாணி! எஃப், அதாவது மத்தியமம் ஒன்று மாறியதும் சங்கராபரணம் கல்யாணியாகிவிட்டது. இருட்டும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். கிட்டாரைத் தொடவில்லை.

ஜூன் 11
பிசியோ அக்கா, "அவசரப்படாதீங்க தம்பி" என்றார். 23ஆம் தேதியைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 13
நான்காம் கம்பி, நான்காவது ஃப்ரெட். தட் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஜூன் 14
இ மைனருக்கும் ஜியின் அதே ஒரு ஷார்ப்தான். ஆனால் எனக்கு வேண்டியது ஹார்மோனிக் மைனர், நம் கீரவாணி. அதன் டி ஷார்ப்புக்குச் சிக்னேச்சரில் இடமில்லை, வரும் இடமெல்லாம் தனியாகப் போட வேண்டும். இரண்டாம் கம்பியில் அது எங்கே விழுகிறது? நான்காவது ஃப்ரெட். மறுபடியும் அதே விரல். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். எரிந்து விழுந்துவிட்டேன், பாவம்.

ஜூன் 16
எஃப் ஷார்ப் கேட்டது. சன்னமாக, ஆனால் முழுதாக. இரண்டு தடவை.

ஜூன் 17
ஜி. வேகம் 40.