அடக்கப் பதிவேட்டை நம்பி லீவு போடாதீர்கள்

விக்டோரியா காலத்து லண்டனில், சோஹோவை ஒட்டிய செயின்ட் ஜேம்ஸ் பாரிஷில் (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட வட்டாரம்) யார் எதனால் செத்தார்கள் என்று தேடக் கிளம்புகிறவர்களுக்கு முதல் எச்சரிக்கை: சர்ச் அடக்கப் பதிவேட்டில் காரணம் இருக்காது. "எல்லாம் அதிலேயே இருக்கும், நேரில் வாங்க" என்று காப்பகத்தில் ஒருவர் போனில் அடித்துச் சொன்னார். லீவு போட்டுப் போய் மைக்ரோஃபிலிமைச் சுற்றிக் கண் பூத்ததுதான் மிச்சம். 1813இல் வந்த அச்சுப் படிவம் அது. பெயர், இருப்பிடம், புதைத்த நாள், வயது, பாதிரியார் கையெழுத்து, அவ்வளவுதான். ஏதாவது ஒரு பாதிரியார் ஓரத்தில் 'காலரா' என்று கிறுக்கியிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். போதாததற்கு 1852 சட்டத்துக்கு அப்புறம் நகரத்து இடுகாடுகளை மூட ஆரம்பித்துவிட்டார்கள், பாரிஷ்காரர்கள் பலரை ஊருக்கு வெளியேதான் புதைத்தார்கள்.

காரணம் வேண்டுமென்றால் 1837 ஜூலையில் தொடங்கிய அரசுப் பிறப்பு இறப்புப் பதிவுக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் பதிவேட்டைப் புரட்ட விடமாட்டார்கள். இன்டெக்ஸில் பெயரைப் பிடித்து, காசு கட்டி ஒவ்வொன்றாக வாங்க வேண்டும். பழைய இன்டெக்ஸில் 1866க்கு முன் வயதே கிடையாது, ஜான் ஸ்மித் மாதிரி ஊரெல்லாம் இருக்கும் பெயர் மாட்டினால் தொலைந்தோம். இந்தப் பதிவுகளை வைத்திருக்கும் தலைமைப் பதிவகத்தின் (GRO) ஆன்லைன் இன்டெக்ஸில் ஆரம்பத்திலிருந்தே வயது உண்டு, நேரே அதற்குப் போங்கள்.

1854 காலராவில் போன ஒரு தையல்காரர் என்னைப் படுத்திய பாடு தனி. இந்த பாரிஷின் பிராட் தெருவைச் சுற்றிக் காலராவில் விழுந்தவர்களில் பலரை மிடில்செக்ஸ் மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள், அது இருந்ததோ பக்கத்து மேரிலபோனில். செத்த இடத்தில்தான் பதிவு! மேரிலபோனில் தேடியதும் ஆள் கிடைத்தார். 'காலரா, 14 மணி நேரம்' என்று சான்றிதழில் பார்த்தபோது, பாவம், ஒரு மனிதர் செத்ததற்கு நான் துள்ளிக் குதித்தேன்.

எழுதியிருப்பதையெல்லாம் அப்படியே நம்பவும் கூடாது. 1874 சட்டம் வரும்வரை டாக்டர் சான்று கட்டாயமில்லை, பக்கத்து வீட்டம்மா வந்து சொல்லிவிட்டுக் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டாலும் பதிவுதான். குழந்தைகளுக்கு 'பல் முளைத்தல்', 'வலிப்பு' என்று இருக்கும். 1869க்கு முந்தைய புள்ளிவிவரங்களில் வெவ்வேறு நோய்களான டைபஸும் டைபாய்டும் ஒரே கணக்கு.

தனி ஆள் வேண்டாம், பாரிஷ் கணக்கு போதும் என்றால் இவ்வளவு செலவே தேவையில்லை. இந்த பாரிஷுக்கு 1856இல் எட்வின் லங்கெஸ்டர் சுகாதார அதிகாரியாக வந்தார். இறப்புக் கணக்கெல்லாம் அடங்கிய லண்டன் சுகாதார அதிகாரிகளின் ஆண்டறிக்கைகளை, மருத்துவ வரலாற்றுக்கான வெல்கம் நூலகம் இணையத்தில் இலவசமாகவே ஏற்றி வைத்திருக்கிறது. போனில் பேசிய அந்த மனிதர் இதைச் சொல்லியிருந்தால் என் லீவாவது மிஞ்சியிருக்கும்.