முந்நூறும் முன்னூறும்

நேற்று மளிகைக் கடையில் தந்த ரசீதில் 'முன்னூறு ரூபாய்' என்று எழுதியிருந்தது. 'முந்நூறு' என்பதே சரி என்று சொல்ல வாயெடுத்தவன், இரண்டையும் சொல்லிக் காட்டினாலும் கடைக்காரர் காதில் ஒன்றாகத்தான் விழும் என்று உணர்ந்து பேசாமல் திரும்பிவிட்டேன். உள்ளதைச் சொன்னால், என் காதிலும் அப்படித்தான் விழுகிறது.

நாநுனி பரந்து பல்லின் அடியைப் பொருந்த ந பிறக்கிறது என்றும், மேல்நோக்கிச் சென்று அண்ணத்தைத் தொட ன பிறக்கிறது என்றும் தொல்காப்பியம் பிரித்தே சொல்கிறது. இன்றைய பேச்சிலோ, தகரத்துக்கு முன் வரும் இடம் தவிர ('பந்து' என்று மெல்லச் சொல்லிப் பார்த்தால் நாக்கு பல்லைத் தேடிப் போவது தெரியும்), நம்மில் பெரும்பாலோர் இரண்டுக்கும் ஒரே ஒலியைத்தான் எழுப்புகிறோம். 'அநேகம்' எழுதும்போது ந-வையும் 'அனைத்து' எழுதும்போது ன-வையும் தேர்ந்தெடுப்பது பழகிய கைதான், செவி அல்ல.

மலையாளத்தில் நிலைமை தலைகீழ். அங்கே இரண்டு ஒலிகளும் உயிரோடு இருக்கின்றன, ஆனால் உயிர்மெய்க்கு வடிவம் ஒன்றே. நனைந்தது என்பதற்கான 'நனஞ்ஞு' என்னும் சொல்லின் முதலிரண்டு எழுத்துகளும் அச்சில் ஒன்றுபோலவே இருக்க, வாசிப்பவர் முதலாவதைப் பல்லிலும் அடுத்ததை அதற்குச் சற்று மேலேயும் யோசிக்காமலே ஒலித்துவிடுகிறார்.

ரசீதை வீட்டில் வைத்து நானே பேனாவால் திருத்திக்கொண்டேன், அற்ப ஆசைதான்.