வெறும் அட்டை திரும்பி வரும் வழி

கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்று உறுதியானால், தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவர்களான எங்களில் சிலருக்கு எல்லைச் சோதனைச் சாவடியில் பணி போட்டுவிடுவார்கள். 2014 நவம்பரில் ஆலப்புழை, கோட்டயம் பக்கத்து வாத்துகளில் எச்5என்1 என்ற வகை வைரஸ் வந்தது. 2021 ஜனவரியில் எச்5என்8 என்ற இன்னொரு வகை, 2024 ஏப்ரலில் மறுபடியும் எச்5என்1. அந்தப் பக்கத்துத் தாழ்நிலமான குட்டநாட்டில் அறுவடை முடிந்த வயல்களில் வாத்துகள் மேய்கின்றன, அதே நீர்நிலைகளுக்கு வலசைப் பறவைகளும் வருகின்றன. அங்கே நோய் திரும்பத் திரும்பத் தலைகாட்டுவதில் வியப்பில்லை.

அங்கிருந்து கோழி, வாத்து, முட்டை, கோழி எரு ஏற்றி வரும் வண்டிகளைக் கோவை எல்லையில் உள்ள வாளையாரிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம். அதில் குழப்பம் இல்லை. என்னை உறுத்தியது வெறுமையாக வரும் லாரிகள்தான். நாமக்கல் முட்டையை இறக்கிவிட்டு, அடுக்கிக் கட்டிய காலி முட்டை அட்டைகளோடு திரும்புகிற வண்டிகள். ஒருநாள் இரவு டார்ச் அடித்து ஓர் அட்டையைப் பார்த்தேன். முட்டை உட்காரும் குழியில் காய்ந்த எச்சம், ஓரத்தில் உடைந்த முட்டையின் கருவில் ஒட்டிய இறகு. அது எந்தக் கடையில், எந்த வாத்துக் கூண்டுக்குப் பக்கத்தில் இருந்ததோ! விடிந்தால் ஏதோ ஒரு பண்ணையின் முட்டை அறையில் இருக்கும்.

“சார், மருந்து அடிச்சாச்சுங்கள்ல, கெளம்பட்டுங்களா?” என்றார் ஓட்டுநர். அடித்தாயிற்று, சரி. ஆனால் சாணமும் சேறும் அப்பிய டயர்மேல் கிருமிநாசினி தெளித்தால் அது அழுக்கோடு சேர்ந்து வீரியம் இழந்துவிடும். முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். இந்த வைரசின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பே அதைச் சிதைத்துவிடும். அப்புறம்தான் மருந்து. வரிசையாக வண்டிகள் நிற்கும் சாவடியில் இதற்கெல்லாம் நேரம் ஏது? பிளாஸ்டிக் அட்டையையாவது பண்ணையில் முக்கிக் கழுவலாம். காகிதக் கூழ் அட்டையைக் கழுவவே முடியாது. ஒருமுறை வெளியே போனால் அது திரும்பி வரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பண்ணை வாசலிலும் இதே கதைதான். கால் முக்கும் தொட்டியில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் காலையில் நல்ல ஊதாவாக இருக்கும். வெயிலும் செருப்பு மண்ணும் சேர்ந்து சீக்கிரமே பழுப்பாகிவிடும். பழுப்பானால் அது வெறும் அழுக்குத் தண்ணீர். போகிற பண்ணையிலெல்லாம் முதலில் தொட்டியின் நிறத்தைத்தான் பார்ப்பேன். சில பெரியவர்கள், “எப்பவும் வர்ற வண்டிதானுங்க டாக்டர்” என்பார்கள். எப்போதும் வருகிற வண்டி என்பதால்தான் பயமே.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம், நோய் உள்ளே நுழைந்தபின் செய்யக்கூடியது அதிகம் இல்லை. கொண்டை நீலம் பாரித்துக் கோழிகள் கொத்துக் கொத்தாகச் சாகும்போது, கோழிகளுக்கு வழக்கமாக வரும் வெள்ளைக் கழிச்சல் நோய் என்று நினைத்து இரண்டு நாள் தள்ளிவிடுவார்கள். மாதிரி போபாலில் உள்ள தேசிய கால்நடை நோய் ஆய்வகத்துக்குப் போய் உறுதியானால், சுற்றிலும் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் உள்ள கோழி, வாத்து அத்தனையையும் அழித்துச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் நாட்டிலேயே முதன்முதலாக இந்த நோய் வந்தபோதும் அழிப்புதான் வழியாக இருந்தது. இழப்பீடு, அழிக்கப்படும் பறவைகளுக்குத்தான், அதற்கு முன்பே நோயில் செத்தவற்றுக்கு இல்லை. அதனால் சந்தேகம் வந்த அன்றே மருத்துவருக்குச் சொல்பவருக்குத்தான் நஷ்டம் குறையும்.

நான் பார்த்த ஒரு பண்ணையில் முட்டை அறையை வேலிக்கு வெளியே, சாலை ஓரமாகக் கட்டியிருக்கிறார்கள். வியாபாரியின் லாரி உள்ளே வருவதே இல்லை, அட்டைகளும் அங்கேயே கழுவிக் காய்ந்துவிடும். சின்னப் பண்ணையாளருக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகாது. மருந்து தெளிக்க ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இப்படிப்பட்ட அறைகளுக்கு மானியமாகக் கொடுங்கள் என்று ஆய்வுக் கூட்டங்களில் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.