லைசென்ஸ் கைக்கு வரும்வரை பெயருக்குப் பின்னால் என்ன போடுவது?

அமெரிக்காவில் கவுன்சலிங்கில் முதுகலை முடித்தவர்கள் பெரும்பாலும் சறுக்குவது மின்னஞ்சல் கையொப்பத்தில்தான். பட்டம் வந்துவிட்டது, விண்ணப்பம் போய்விட்டது, லைசென்ஸ் வழங்கும் மாநில போர்டிலிருந்து பதில் இல்லை. இந்த இடைவெளியில் தயங்காமல் போடக்கூடியது சான்றிதழில் உள்ள பட்டம்: எம்.ஏ., எம்.எஸ்., எம்.எட். என எதுவோ அது. என்சிசி (நேஷனல் சர்டிஃபைடு கவுன்சலர்) வாங்கியிருந்தால் அதையும் சேர்க்கலாம். ஆனால் அது தேசியச் சான்றிதழே தவிர, தொழில் செய்வதற்கான லைசென்ஸ் இல்லை.

எல்பிசி (லைசென்ஸ்டு புரொஃபெஷனல் கவுன்சலர்) என்பது பல மாநிலங்களில் லைசென்ஸின் பெயர். அதை வைத்து ‘எல்பிசி எலிஜிபிள்’, ‘எல்பிசி பெண்டிங்’ என்று சொந்தமாக உருவாக்கிக்கொள்வது வேண்டாம். படிப்பவர் கண்ணில் முதல் மூன்று எழுத்துதான் நிற்கும். புகார் வந்தால் போர்டும் அதைத்தான் பார்க்கும்.

லைசென்ஸுக்கு முன் ஒரு சூப்பர்வைசரின் கீழ் வேலை செய்யும் சூப்பர்விஷன் காலத்துப் பெயரை ஒவ்வொரு மாநிலமும் தனியாக வைத்திருக்கிறது. டெக்சாஸில் எல்பிசி அசோசியேட், ஃபுளோரிடாவில் ரெஜிஸ்டர்டு மென்டல் ஹெல்த் கவுன்சலர் இன்டர்ன், வர்ஜீனியாவில் ரெசிடென்ட் இன் கவுன்சலிங். மாநிலம் மாறினால் பழைய பெயர் கூட வராது. வர்ஜீனியா இதில் ரொம்பக் கறார்: எழுதும் எல்லாவற்றிலும் பெயர், பட்டம், ‘ரெசிடென்ட்’ என்ற சொல் இருக்க வேண்டும், தனித்துத் தொழில் செய்யும் அதிகாரம் இல்லை என்பதையும் சூப்பர்வைசரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணையும் கிளையன்டிடம் எழுத்தில் தர வேண்டும், நேரடியாகப் பில் போடவும் கூடாது.

கலிஃபோர்னியாவில்தான் குழப்பம் அதிகம். படிக்கும்போது ‘டிரெய்னி’, பதிவு எண் வந்தபின் ‘அசோசியேட்’ (2018க்கு முன் ‘இன்டர்ன்’). நடுவில் இருப்பவர் வெறும் விண்ணப்பதாரர். பட்டம் வழங்கப்பட்ட தேதியிலிருந்து 90 நாளுக்குள் விண்ணப்பம் போர்டுக்குப் போய்ச் சேர்ந்தால், இடைப்பட்ட வேலை மணிநேரங்களும் லைசென்ஸுக்குத் தேவையான 3,000 மணிநேரக் கணக்கில் சேரும். பலர் பட்டமளிப்பு விழா நாளிலிருந்து எண்ணுகிறார்கள்; டிரான்ஸ்கிரிப்டில் உள்ள தேதிதான் கணக்கு. 2020 ஜனவரி 1 முதல் பட்டம் பெற்றவர்களுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: வேலை கொடுத்த இடம் தொடக்கத்திலேயே லைவ் ஸ்கேன் கைரேகை எடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த மணிநேரங்கள் வீண். பிரைவேட் பிராக்டிஸுக்கோ இந்தச் சலுகையே கிடையாது, எண் வந்த பிறகுதான். ஆக, மணிநேரம் சேர்ந்துகொண்டிருக்கும், ஆனாலும் ‘அசோசியேட்’ என்று எழுத முடியாது. விசித்திரம்தான்! எண் வந்த பிறகும் விளம்பரத்தில் ஏபிசிசி (அசோசியேட் புரொஃபெஷனல் கிளினிக்கல் கவுன்சலர்) என்ற சுருக்கம் மட்டும் போதாது. முழுப் பெயரும் இருக்க வேண்டும்.

‘டாக்டர்’ பற்றி ஒன்று. கவுன்சலிங்குடன் தொடர்பில்லாத துறையில் பிஎச்.டி. வைத்திருப்பவர் கவுன்சலிங் அறையில் அதைப் போட்டுக்கொள்வதையும், ஆய்வேடு முடிக்காதவர் ‘ஏபிடி’ என்று எழுதுவதையும் அமெரிக்கன் கவுன்சலிங் அசோசியேஷனின் 2014 நெறிமுறை ஏற்பதில்லை.

பெயர் மாறிய அன்றே விசிட்டிங் கார்டு, லிங்க்டுஇன் பக்கம், வாய்ஸ்மெயில் எல்லாவற்றையும் திருத்துங்கள். அதிகம் மறந்துபோவது கிளையன்ட் கையெழுத்திடும் ஒப்புதல் படிவம். அதில்தான் பழைய பெயரும் பழைய சூப்பர்வைசரும் மாதக்கணக்கில் தங்கிவிடுகிறார்கள்.